தூங்கும் கிருமிக்கு ஒரு முகம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் இரண்டே பேர். அதில் ஒருவர் கண் மருத்துவரைத் தேடி வழி தவறி வந்தவர்.

காலையில் வந்து கணினியைத் திறந்ததும், முந்தின நாள் அனுப்பிய செய்திகள் என்ன ஆயின என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. காசநோய் வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள், இவர்களுடைய கைபேசிக்கெல்லாம் எங்கள் நெஞ்சக மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி போகும். நான் எழுதியதுதான். 'உங்களுக்கு இருமல் இல்லாமல் இருக்கலாம், காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கிருமி உங்கள் உடலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். கையில் ஒரு சின்ன ஊசி போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை.' எழுதி முடித்த அன்று என்னவோ பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது படித்தால் உப்புச் சப்பு இல்லை.

எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். நீலக் கோடு இரண்டு விழுந்துவிடுகிறது. ஆள்தான் வருவதில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, இது நன்றாகக் காது கேட்கிறவன் காதில் ஊதுவது. அது இன்னும் மோசம்.

ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார். "தூங்குறத ஏம்மா எழுப்புறீங்க?"

நாளெல்லாம் அதுவே மனதில் ஓடியது. நியாயமான கேள்விதானே? இல்லை, நியாயம் இல்லை. தானாக எழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்த வாசலில் தினமும் பார்க்கிறேன். எலும்பும் தோலுமாக வந்து பெஞ்சில் சாய்கிறார்கள். போன வருடமே அந்த ஊசிக்கு வந்திருக்கலாம். ஆனால் இதை ஒரு செய்திக்குள் எப்படி அடக்குவது?

மார்ச் 9, திங்கள்

டாக்டர் மேடம் கூப்பிட்டார். "எழுத்த யாரும் நம்ப மாட்டாங்கம்மா. முகம் வேணும். நம்மள மாதிரி ஒரு சாதாரண முகம். எனக்கு இருந்துச்சு, மாத்திரை போட்டேன், நல்லா இருக்கேன்னு ஒரு நிமிஷம் பேசினா போதும். வீடியோ எடுங்க."

சொல்வது சுலபம். மாத்திரை போட்டு முடித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். தையல்காரர் ஒருவர், "எம் பொண்ணுக்கு இப்பதாம்மா வரன் பேசிக்கிட்டிருக்கோம், என் மூஞ்சி இதுல வந்தா அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார். பள்ளி ஆசிரியை ஒருவர், "முகத்த மங்கலாக்கிக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். மங்கலாக்கினால் போலீஸ் பிடித்த ஆளைக் காட்டுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்து யார் வருவார்கள்?

வீட்டில் சாப்பிடும்போது புலம்பினேன். என் நாத்தனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நான் நடிக்கட்டுமா அண்ணி?" என்றாள்.

இவருடைய தங்கை. இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். வாய் மூடியிருக்கிற நேரம் தூங்குகிற நேரம் மட்டும்தான். அடுத்த தெருவிலுள்ள குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். கத்துகிற குழந்தையை அவளிடம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் அது சிரிக்கும், அவள் கத்திக்கொண்டிருப்பாள்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "இல்லாத வியாதிய இருக்குன்னு எவளாவது வாயால சொல்லிக்குவாளா?"

"படத்துல செத்துப்போற மாதிரி நடிக்கிறாங்களேம்மா, அவங்கல்லாம் செத்தா போயிட்டாங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தையும்தான்.

மார்ச் 14, சனி

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் பக்கத்திலேயே எடுத்தோம். படம் பிடித்தவர் மருத்துவமனையின் எக்ஸ்ரேக்காரர். முன்னால் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். "வருஷக்கணக்கா நெஞ்செலும்பையே எடுத்து அலுத்துப்போச்சும்மா, இப்பதான் சிரிக்கிற ஆள் கிடைச்சிருக்கு" என்று குஷியாக இருந்தார்.

நான் எழுதிக் கொடுத்ததை வாலு ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டாள். "இப்படி யாரு அண்ணி பேசுவாங்க?" என்று தன் பாட்டுக்குப் பேசினாள்.

"எனக்குள்ள டிபி கிருமி இருக்கு. என்ன, பயந்துட்டீங்களா? நானுந்தான் பயந்தேன். ஆனா அது தூங்குது. தூங்குற கிருமி யாருக்கும் ஒட்டாது. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, மூணு மாசம். அது முழிக்கிறதுக்குள்ள வழியனுப்பி வெச்சிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், மாத்திரை போட்டா பாத்ரூம்ல ஆரஞ்சு கலரா போகும். அதப் பாத்துட்டு அலறாதீங்க."

கடைசி வரியில் எக்ஸ்ரேக்காரர் சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. இன்னொரு முறை எடுத்தோம். முடிவில் 'விழிப்புணர்வுக்காக நடித்துக் காட்டியது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறோம்.

மார்ச் 23, திங்கள்

நடைபாதையில் உட்கார இடமில்லை! வருகிறவர்கள் எல்லாம் "அந்த ஆரஞ்சுப் பொண்ணு சொன்னிச்சே, அந்த ஊசி எங்க போடுறாங்க?" என்று கேட்கிறார்கள். ஒரு கிழவர் அவளைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். டாக்டர் மேடம் என் மேசை வரைக்கும் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வாலுவிடம் சொன்னேன். "எனக்கு ரசிகர் மன்றம் வெச்சிடுங்க அண்ணி" என்றாள்.

நெடுநாளைக்குப் பிறகு வேலையில் ஒரு சந்தோஷம். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

யாரோ அந்த வீடியோவை வெட்டியிருக்கிறார்கள். 'எனக்குள்ள டிபி கிருமி இருக்கு' — அதோடு முடிகிறது. தூங்குகிறது என்பது இல்லை, ஒட்டாது என்பது இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. அதன் கீழே, 'இவர் கையில்தான் நம் குழந்தைகள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.' காப்பகத்துப் பெற்றோர் குழுவில் மத்தியானம் வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க.

வாலு நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கூட்டிப்போக வந்த ஒரு அம்மா, அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பிடுங்கி, அங்கேயே குழாயடியில் அதன் முகத்தைக் கழுவினாராம். வாலு இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

முழு வீடியோவையும் அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். நடிப்பு என்று விளக்கி எழுதினேன். மருத்துவமனை முத்திரை போட்டு டாக்டர் மேடம் பெயரிலும் ஒன்று அனுப்பினோம். யாரும் பதில் போடவில்லை. அதற்குள் குழுவில் வேறு பேச்சு ஓட ஆரம்பித்துவிட்டது — காப்பகத்தில் தண்ணீர் சுத்தமா, பாய் சுத்தமா என்று.

வெட்டினவர் யார்? தெரிந்துதான் என்ன செய்யப்போகிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

காப்பகம் நடத்துகிற அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்லவர்தான். டீ கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா அது நடிப்புன்னு? அவகிட்ட பிள்ளைங்க எப்படி ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா மூணு பேர் பிள்ளைய நிறுத்திட்டாங்க. மத்தவங்களும் நிறுத்தினா நான் கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

"ஒருவேளை இருந்தாலும் அது ஒட்டாதுங்க. உள்ள தூங்கிட்டு இருக்கிற கிருமி…"

"அத அவங்ககிட்ட சொல்லும்மா."

சொன்னேனே. எத்தனை தடவை. எத்தனை விதமாக.

கடைசியில், "ஒண்ணுமில்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்லு, நான் பேசிப் பாக்குறேன்" என்றார். அதை வாலுவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வாலு ஒரே பிடிவாதம். "நாளைக்கே ஊசி போட்டுடுங்க அண்ணி. இல்லைன்னு வந்ததும் அந்தக் குழுவுல நானே போடுறேன். யாரு மூஞ்சியக் கழுவுறாங்கன்னு பாக்குறேன்."

டாக்டர் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "யோசிச்சீங்களா? நம்ம ஜனங்கள்ல எத்தனை பேருக்கு இது உள்ள இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இருக்குன்னு வந்தா என்ன செய்வீங்க?"

தெரியும். தெரியாமலா. எல்லோரையும் வா வா என்று கூப்பிடுகிற நானே இவளை மட்டும் வராதே என்று சொல்வதா? எந்த வாயால் சொல்வேன்? ஆனால் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. இருக்காது, இருக்காது, இருக்காது.

வாலுவிடம் விளக்கிச் சொன்னேன். "எனக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

ஏப்ரல் 8, புதன்

ஊசி போட்டாயிற்று. இரண்டு நாள் கழித்து அந்த இடம் தடித்திருந்தால் உள்ளே கிருமி உண்டு என்று அர்த்தம்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையிலேயே முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இந்த வெயிலில் முழுக்கை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நர்ஸ் கையைத் திருப்பி, சிவந்து தடித்திருந்த இடத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டாக்டர் மேடம் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேக்காரர் அவளைப் பார்த்ததும் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மூச்ச இழுத்துப் பிடிம்மா" என்று மட்டும் சொன்னார்.

நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. நோய் இல்லை. கிருமி மட்டும் உள்ளே இருக்கிறது. எங்கிருந்து வந்தது? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரா, படித்த பள்ளியா, எந்த வருடமோ. யாருக்குத் தெரியும்.

வெளியே மரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன். "இது நோய் இல்லடா. அது தூங்குது. யாருக்கும் ஒட்டாது. மூணு மாசம் மாத்திரை போட்டா…"

"நான் பேசின வசனத்தையே எங்கிட்ட திருப்பிச் சொல்லாதீங்க அண்ணி."

இத்தனை மாதம் இதே வேலையாக இருந்திருக்கிறேன். வேறு வார்த்தை ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

மாத்திரை வேண்டாம் என்கிறாள். அட்டையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன், அப்படியே கிடக்கிறது.

"அதப் போட்டா எல்லாரும் சொன்னது நெசம்னு ஆயிடும்."

"போடலைன்னா ஒரு நாள் முழிச்சிக்கும். அப்ப நெசமாவே…"

"முழிக்கட்டும்."

அத்தை அவளுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். ஒட்டாது, தேவையில்லை என்று நான் அவற்றை எடுத்து மற்றதோடு கலந்து வைத்தேன். மறுபடி தனியாக இருக்கின்றன. நான் கலக்கிறேன், அவர் பிரிக்கிறார். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே இது நடக்கிறது.

இன்றைக்குத்தான் பேசினார். "நோய் இல்லாத பொண்ணு வாயால இருக்குன்னு சொல்ல வெச்ச. இப்ப வந்துடுச்சு பாரு."

சொன்னதால் வருவதில்லை, அது எப்போதோ வந்தது, சொன்னதால்தான் இப்போதாவது தெரிந்தது — எல்லாம் சரிதான். அழுகிற அம்மாவிடம் எதைச் சொல்வது?

இவர் ஒன்றும் சொல்வதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. "ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன்" என்றேன். "என்ன சொல்ல?" என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

தலைமை அலுவலகத்தில் கூட்டம். எங்கள் வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். மற்ற ஊர்களுக்கும் அனுப்பப் போகிறார்களாம். அவள் முகம் சுவர் அளவுக்குச் சிரிக்கிறது. ஆரஞ்சு வரியில் எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். வேறென்ன செய்ய?

வெளியே வந்ததும் டாக்டர் மேடத்திடம், வீடியோவை எடுத்துவிடலாம் என்றேன்.

"எடுத்துட்டா? வெட்டினது ஊருக்குள்ள சுத்திக்கிட்டுதான் இருக்கும். முழுசா இருக்கிறது நம்மளோடது மட்டுந்தான். அதையும் எடுத்துட்டா அவ பக்கம் பேச என்ன இருக்கு?" பிறகு, "அதப் பாத்துட்டு இன்னும் வந்துக்கிட்டிருக்காங்கம்மா. நேத்துகூட ஒரு குடும்பமே வந்துச்சு. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

அவர் சொல்வது தப்பில்லை. யார் சொல்வதும் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் என் முகத்தைக் காட்டவில்லை என்று இன்று என்னையே கேட்டுக்கொண்டேன். வேலையில் சேரும்போது எடுத்த பரிசோதனையில் எனக்கு இல்லை என்று வந்தது, இருக்கிறது என்று பொய் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அப்படியானால் அவளை மட்டும் சொல்ல விட்டேனே?

ஏப்ரல் 30, வியாழன்

வாலு கிளம்பிவிட்டாள். வேறு ஊரில் அத்தையின் தங்கை இருக்கிறார், அவர் வீட்டுக்கு. "கொஞ்ச நாள் சித்தி வீட்ல இருந்துட்டு வரேன்" என்றாள். ஒரு பெட்டி மட்டும்.

பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை அவள் கைப்பைக்குள் வைக்கப் போனேன். பையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்க மேல கோவம்லாம் இல்ல."

கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்பட்டால் வாலு கத்துவாள், தட்டைத் தூக்கிப் போடுவாள், அப்புறம் அவளே வந்து பேசுவாள். இது அது இல்லை.

பேருந்து கிளம்பும்போது பக்கத்து இருக்கைப் பெண்மணி அவளை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துதான் பார்த்தாரா? வெறுமனே பார்த்தாரா? வாலு துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டாள்.

மே 5, செவ்வாய்

அவளுக்குச் செய்தி போயிருக்கிறது.

நான் அனுப்பவில்லை. கணினி தானாக அனுப்புவது. சோதனையில் இருக்கிறது என்று வந்து, மாத்திரை தொடங்காதவர்களுக்கு வாராவாரம் போகும். 'வணக்கம். நீங்கள் இன்னும் சிகிச்சையைத் தொடங்கவில்லை. உங்கள் மேல் அன்புள்ளவர்களுக்காக இன்றே தொடங்குங்கள்.' இந்த வரியையும் நான்தான் எழுதினேன், ஒரு வருடத்துக்கு முன்னால். 'அன்புள்ளவர்களுக்காக' என்று போட்டால் மனசைத் தொடும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள்.

அவளுக்கு மட்டும் நிறுத்திவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். நிறுத்தினால், மறந்துபோவாளோ? நிறுத்தாவிட்டால், ஒவ்வொரு வாரமும் குத்துமோ? நீட்டிய விரலை நீட்டியபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறு வேலையைப் பார்த்தேன். செய்தி போய்க்கொண்டிருக்கிறது.

மே 18, திங்கள்

போன் செய்தால் சித்திதான் எடுக்கிறார். "நல்லாத்தான் இருக்கா, வெளிய போயிருக்கா" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் வெளியே போயிருக்கிறாள்.

இவர் இன்று தானாகவே மருத்துவமனைக்கு வந்து கையை நீட்டினார். "போடு" என்றார். ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மே 20, புதன்

இவருக்கு இல்லை. அத்தை வர மாட்டேன் என்கிறார். "எனக்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எம் பொண்ணு தட்டத் தனியா வெச்சேனே, எனக்கு இதெல்லாம் வேணும்."

அந்தத் தட்டும் தம்ளரும் இப்போது மற்றதோடுதான் இருக்கின்றன. நான் கலக்கவில்லை.

ஜூன் 1, திங்கள்

இன்றைக்கு நிறையப் பேர். புதுச் செய்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வணக்கம்' வரைக்கும் வந்தது.

ஜூன் 11, வியாழன்

மத்தியானம் ஒரு போன். வேறு ஊர் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ். சித்தி இருக்கிற ஊர்.

"ஒரு பேஷண்ட் பேரு கம்ப்யூட்டர்ல இன்னும் உங்க பக்கமே நிக்குதுங்க. எங்க பக்கம் மாத்தி விடணும். இங்க மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு."

கைபேசி எண்ணைச் சொன்னார். எனக்கு மனப்பாடமான எண்தான். ஆனாலும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே வந்தேன்.

"யாரு கூட்டிட்டு வந்தாங்க?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"யாரும் கூட்டிட்டு வரலைங்க. தனியாத்தான் வந்தாங்க. எங்க ஊர்ல ஒரு குழந்தைங்க காப்பகத்துல வேலை கெடைச்சிருக்காம். சேர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிடுறேன்னாங்க. வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்னு சொல்லியிருக்காங்க, அதக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"சரிங்க."

"அப்புறம், உங்ககிட்டேருந்து வாராவாரம் அவங்களுக்கு ஏதோ மெசேஜ் வருதாம். அத நிறுத்தச் சொன்னாங்க."

நிறுத்தினேன். அவள் பெயருக்கு எதிரே 'செய்தி வேண்டாம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டால் போதும். தொட்டேன்.

போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டுவிட்டேன். "அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. அவ்வளவா பேச மாட்டாங்க. வருவாங்க, என் கண்ணு முன்னாடியே மாத்திரைய முழுங்கிட்டுப் போயிடுவாங்க."

வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். "அவகிட்டேருந்து ஏதாவது சேதி உண்டா?"

"இல்ல அத்தை."

"சாப்பிடுறாளோ என்னவோ. உடம்பு என்னாகுதோ."

"நல்லா இருப்பா" என்றேன்.

"அதெப்படி அவ்வளவு நிச்சயமா சொல்ற?" என்று என் முகத்தையே பார்த்தார்.

துணி காய்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.